செஞ்சியிலிருந்து ஸ்வீடனுக்கு: பெட்டியில் என்ன துணி வைப்பது?

சித்திரை, வைகாசி மாதங்களில் செஞ்சிக் கோட்டைப் பாறைகள் அடுப்பில் போட்ட தோசைக்கல்லைப் போலக் காயும். வெயில் 40 டிகிரியைத் தொடும். நடுப்பகலில் ராஜகிரி மலைப் படியில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் "குளிர் நாட்டுக்கு வாருங்கள்" என்று சொன்னால் என்ன வரும்? முதலில் பயம்தான் வரும்!

முன்பெல்லாம் கடல் கடந்து போவது பெரிய மனிதர்களின் காரியம். இன்று அப்படி இல்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிறந்த பிள்ளைகள் ஸ்டாக்ஹோமிலும், ஓஸ்லோவிலும், கோபன்ஹேகனிலும் வேலை பார்க்கிறார்கள். "அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு ஜூன் மாதம் வாருங்கள். இங்கே அப்போதுதான் கோடைக்காலம்" என்று போனில் கூப்பிடுகிறார்கள்.

விசா வந்துவிடுகிறது. டிக்கெட்டும் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வீட்டில் வாக்குவாதம் தொடங்குகிறது. "கோடைக்காலம்தானே? நாலு பருத்திச் சேலை போதும்" என்கிறார் அம்மா. "ஐஸ் கட்டியாக உறையும் நாடு அது. இரட்டைக் கம்பளிக் கோட்டு வாங்கவேண்டும்" என்கிறார் அப்பா.

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி, பாதி தவறு. வெறும் பருத்தியோடு போகிறவர், முதல் மழை நாளிலேயே வீட்டுக்குள் முடங்கிவிடுவார். தடித்த கோட்டோடு போகிறவர், அதைப் போட்டால் வியர்த்து, கழற்றினால் நடுங்கி அவதிப்படுவார்.

அறுபது வயதுக்கு மேல் இவ்வளவு தூரப் பயணம் இன்னொரு முறை வாய்க்குமா? சொல்ல முடியாது. அப்படிப் போய், பேரப்பிள்ளையோடு பூங்காவுக்குக் கூடப் போகாமல், இரண்டு மாதமும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பயணத்தால் என்ன பயன்? ஆகவே, பெட்டியில் வைக்கும் துணியைச் சின்ன விஷயமாக நினைக்கவேண்டாம்.

எப்படிப்பட்ட கோடை அது?

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகளையும் சேர்த்து ஸ்காண்டிநேவியா என்பார்கள். ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கின்றன. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே சுமார் 12 டிகிரியில் செஞ்சி இருக்கிறது. ஸ்டாக்ஹோம் 59 டிகிரியில் இருக்கிறது.

அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்கள்தான் கோடை. ஜூலை மாதத்தில் ஸ்டாக்ஹோமில் பகல் வெப்பம் சராசரியாக 23 டிகிரி. இரவில் 14 டிகிரிக்கு இறங்கும். ஓஸ்லோவும் கோபன்ஹேகனும் ஏறக்குறைய இப்படித்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. மே மாதத்தில் ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். வெயிலில் நடந்தால் இதமாக இருக்கும். மேகம் மூடினால் ஸ்வெட்டர் கேட்கும். ராத்திரியில் போர்வை கேட்கும். ஸ்டாக்ஹோமின் கோடை கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் நாடு முழுவதும் ஒரே மாதிரி இல்லை. நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரில் ஜூலைப் பகல் 18, 19 டிகிரிதான். இன்னும் வடக்கே டிரோம்சோ நகரில் 15 டிகிரி அளவில் நின்றுவிடும். நார்வேயின் உயர்ந்த மலைகளில் ஜூலையிலும் பனி கிடக்கும். ஆகவே பெட்டியை அடுக்குமுன் பிள்ளையிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "எந்த ஊர்? எங்கெங்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறாய்?"

கோட்டைக்குள் கோட்டை

அந்த ஊர்க்காரர்கள் எப்படி உடுத்துகிறார்கள்? ரகசியம் இதுதான்: ஒரு தடித்த உடை போடுவதில்லை. மூன்று மெல்லிய உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுகிறார்கள்.

செஞ்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டுமா? செஞ்சிக் கோட்டையே அப்படித்தானே கட்டியிருக்கிறார்கள்! முதலில் வெளிமதிலும் அகழியும். அதைத் தாண்டினால் உள்மதில். அதையும் தாண்டி ராஜகிரி மேலே ஏறினால் வாசலுக்குமேல் வாசல். உச்சிக்கு முன்னால் ஆழமான ஒரு பாறைப் பிளவு. அதன்மேல் ஒரு பாலம். எதிரி ஒரு மதிலைத் தாண்டினாலும் அடுத்த மதில் தடுக்கும்.

உடையிலும் மூன்று மதில் வேண்டும்.

முதல் மதில், உடம்பை ஒட்டிய மெல்லிய உள்ளாடை. கடைகளில் "தெர்மல்" என்று கேட்டால் கொடுப்பார்கள். மேலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று.

இரண்டாம் மதில், ஸ்வெட்டர். உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காப்பது இதன் வேலை. முன்பக்கம் திறந்து மூடும் ஸ்வெட்டராக இருந்தால் போடவும் கழற்றவும் சுலபம்.

மூன்றாம் மதில், காற்றும் மழையும் புகாத மேல்சட்டை. தலையை மூடும் தொப்பி அதோடு சேர்ந்தே இருக்கவேண்டும். இது கனமாக இருக்கவேண்டியதில்லை. மடித்தால் கைப்பையில் அடங்கவேண்டும்.

மெல்லிய துணி மூன்று போட்டால் குளிர் எப்படித் தாங்கும் என்று கேட்கலாம். ஐஸ் கட்டியை உமியில் புதைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உமிக்கு நடுவே நிற்கும் காற்று, வெளிச் சூட்டை உள்ளே விடுவதில்லை. அதே போல, ஒரு துணிக்கும் அடுத்த துணிக்கும் நடுவே நிற்கும் காற்று, உடம்பின் சூட்டை வெளியே விடுவதில்லை.

இன்னொரு சௌகரியமும் உண்டு. வெயில் வந்தால் ஒரு மதிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். செஞ்சிக் கோட்டையால் அது முடியாது!

பருத்தியா? கம்பளியா?

நமக்குப் பருத்தியைப் போல ஒரு துணி கிடையாது. வியர்வையைக் குடித்து, உடம்பைக் குளிர வைக்கும். ஆனால் நம் ஊரில் பருத்திக்கு எது பெருமையோ, அதுவே அங்கே குற்றம்! நனைந்த பருத்தி சீக்கிரம் காயாது. உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும்.

கம்பளி அப்படி இல்லை. கொஞ்சம் நனைந்தாலும் கதகதப்பைக் கைவிடாது. அதனால்தான் நார்வேக்காரர்கள் கோடையிலும் மலைக்குப் போகும்போது மெல்லிய கம்பளி உள்ளாடையைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

கம்பளி என்றதும், உடம்பில் குத்தும் கருப்புக் கம்பளியை நினைத்துப் பயப்படவேண்டாம். மெரினோ என்ற செம்மறியாட்டின் கம்பளி நூல் மிக மெல்லியது. அவ்வளவாகக் குத்தாது. ஆனால் விலை அதிகம். அதை வாங்க முடியாவிட்டால் சாதாரண தெர்மலே போதும். கோடைக்கு அதற்குமேல் தேவையில்லை.

வீட்டுக்குள் பருத்தியே உடுத்தலாம். தடை இல்லை.

சேலை கட்டலாமா?

தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தாராளமாகக் கட்டலாம்! வாழ்நாளெல்லாம் சேலை கட்டியவர், இரண்டு மாதத்துக்காக அதை விட்டுவிட வேண்டியதில்லை.

சேலைக்கு உள்ளே, பாவாடைக்கும் கீழே, கால் வரை நீண்ட தெர்மல் போட்டுக்கொள்ளலாம். வெளியே ஒன்றும் தெரியாது. முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டால் கைக்குக் குளிராது. அதன்மேல் ஸ்வெட்டர். மழை வந்தால் இடுப்பு வரை வரும் மேல்சட்டை.

சேலையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே ஏற்றிக் கட்டுவது நல்லது. தரையைத் தொட்டால் மழைநீரை உறிஞ்சிக்கொண்டு முழங்கால் வரை ஈரம் ஏறும். நகரும் படிக்கட்டுகளில் சேலை ஓரம் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வெளியே கட்ட, சீக்கிரம் காயும் சின்தெடிக் சேலை மேல். பட்டுச் சேலை நல்ல கதகதப்பு. அதில் ஒன்று கட்டாயம் வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

காட்டு வழியிலும் மலைப் பாதையிலும் நடக்கும் நாளில் மட்டும் சல்வார் போட்டுக்கொள்வது நல்லது. ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள பகுதிகளில் உயரமான புல்லில் ஒருவகை உண்ணி இருக்கிறது. கடித்தால் நோய் தரக்கூடியது. அந்த இடங்களில் முழுநீளக் காலாடை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடக்கவேண்டும். வடக்கே போனால் ஜூன், ஜூலையில் கொசு மொய்க்கும். வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை இருந்தால் பிழைத்தோம்!

ஆண்களுக்கு வீட்டில் வேட்டி, வெளியே பேண்ட். ஜீன்ஸ் தடித்த பருத்திதான். நனைந்தால் நாள் முழுவதும் காயாது. மெல்லிய டெரிகாட்டன் பேண்ட் போதும். தோளில் போடும் துண்டைக் கழுத்தில் சுற்றினால் அதுவே மப்ளர்!

காலைக் கவனியுங்கள்

நம் ஊர்ச் செருப்பு அங்கே மழைக்கு உதவாது. கால் குளிர்ந்தால் உடம்பே குளிர்ந்த மாதிரி. தண்ணீர் புகாத, அடியில் நல்ல பிடிப்புள்ள ஒரு ஜோடி ஷூ வேண்டும்.

ஒன்று நினைவிருக்கட்டும். புது ஷூவை விமானம் ஏறும் நாளில் முதன்முதலாகப் போடக்கூடாது. ஒரு மாதம் முன்பே வாங்கி, காலையில் நடந்து பழகவேண்டும். செஞ்சிக்காரர்களுக்குப் பழக இடத்துக்கா பஞ்சம்? காலை வேளையில் கோட்டைப் பக்கம் நாலு நாள் நடந்தால் ஷூவும் பழகும், காலும் பழகும்.

நார்வேயில் பிரைகெஸ்டோலன் என்று ஒரு பாறை இருக்கிறது. கீழே கடல்நீர், அதற்குமேல் 604 மீட்டர் உயரத்தில் மேடை போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரத்தில் கம்பித் தடுப்பு கிடையாது! அதற்குப் போய்வர 8 கிலோமீட்டர் நடக்கவேண்டும். நம் ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். ராஜகிரியை ஏறி இறங்கியவர்கள் அந்தப் பாறையையும் பார்த்துவிடலாம். ஆனால் செருப்போடு போகக்கூடாது.

இன்னொரு செய்தி கேட்டால் மகிழ்வீர்கள். அந்த நாடுகளிலும் வீட்டுக்குள் போகும்போது ஷூவை வாசலிலேயே கழற்றிவிடுகிறார்கள், நம்மைப் போலவே! ஆகவே ஓட்டை விழுந்த காலுறையைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகாதீர்கள்.

குடை போதாது

பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். நம் மழை சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அங்கேயோ ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும்.

கடற்காற்று குடையைப் புரட்டிப் போட்டுவிடும். ஆகவேதான் தொப்பி வைத்த மேல்சட்டை முக்கியம் என்கிறோம். ஸ்டாக்ஹோம் நகரமே 14 தீவுகளின்மேல் இருக்கிறது. படகில் போகும்போது வெயில் அடித்தாலும் காற்று எலும்பைத் தொடும்.

"கெட்ட வானிலை என்று ஒன்றும் இல்லை, கெட்ட உடைதான் உண்டு" என்பது அங்கே பழமொழி. பள்ளிக் குழந்தைகள் மழை உடுப்பைப் போட்டுக்கொண்டு தூறலிலும் வெளியே விளையாடுகிறார்கள். கைக்குழந்தையைக் கூடக் கம்பளியில் பொதிந்து, தள்ளுவண்டியில் வைத்து, திறந்த வெளியில் தூங்க விடுகிறார்கள். பார்க்கும் பாட்டிக்கு நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும்! ஆனால் அது அங்கே வழக்கம்.

கட்டடத்துக்குள்ளும் குளிர் உண்டு. ஸ்டாக்ஹோமில் வாசா என்ற போர்க்கப்பலை ஒரு பெரிய மாளிகைக்குள் வைத்திருக்கிறார்கள். 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கிய கப்பல் அது. 333 ஆண்டுகள் கழித்து, 1961-ல் வெளியே எடுத்தார்கள். மரம் கெடாமல் இருக்க மண்டபத்தை எப்போதும் குளிர்ச்சியாகவே வைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், கப்பலைப் பாதி பார்ப்பதற்குள் வாசலைத் தேடுவீர்கள்.

தூங்கவிடாத சூரியன்

ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் விடியற்காலை மூன்றரை மணிக்குச் சூரியன் உதித்துவிடும். மறைவதோ இரவு பத்து மணிக்குமேல்! டிரோம்சோவில் மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. நடு இரவிலும் வெயில் அடிக்கும்.

நம் ஊர் ஆட்களுக்கு இதில் தூக்கம் கெடும். கண்ணில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புத் துணிப் பட்டை தைத்து எடுத்துப் போங்கள். சின்னத் துணிதான். ஆனால் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும்விட அதிகம் உதவும்.

வெயிலும் அடிக்கும்

இவ்வளவு சொன்னதால், அங்கே வெயிலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2018 கோடையில் ஸ்வீடனில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிப் போனது. பல இடங்களில் காட்டுத் தீ பரவியது. "30 டிகிரி ஒரு வெயிலா?" என்று செஞ்சிக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் அங்கே வீடுகளைக் குளிருக்காகக் கட்டியிருக்கிறார்கள். சூடு உள்ளே புகுந்தால் எளிதில் வெளியேறாது. பெரும்பாலான வீடுகளில் கூரை மின்விசிறியும் கிடையாது. ஆகவே இரண்டு மெல்லிய பருத்தி உடையும் பெட்டியில் இருக்கவேண்டும்.

பெட்டிக் கணக்கு

ஒரு மாதமோ இரண்டு மாதமோ, கணக்கு ஒன்றுதான். ஒருவருக்கு வேண்டியவை இவை:

உள்ளாடைகள் எட்டு நாளைக்கு. தெர்மல் 2 ஜோடி. மெல்லிய ஸ்வெட்டர் 2. மழைக்கான மேல்சட்டை 1. பருத்திக் காலுறை 4, கம்பளிக் காலுறை 3. ஷூ 1, வீட்டுச் செருப்பு 1. சால்வை 1. காது மூடும் குல்லா 1. வடக்கேயோ மலைக்கோ போவதானால் கையுறை 1.

பெண்களுக்குச் சேலை 5, சல்வார் 2. ஆண்களுக்கு பேண்ட் 3, முழுக்கைச் சட்டை 5, வேட்டி 2.

உள்ளாடை ஏன் எட்டு நாளைக்கு? ஸ்வீடனில் பல அடுக்குமாடி வீடுகளில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சலவை அறைதான் இருக்கும். முன்கூட்டியே நேரம் குறித்துவைத்துத்தான் துவைக்கவேண்டும். தினம் துவைத்துக் கொடியில் போடும் வழக்கம் அங்கே நடக்காது. கம்பளியை வெந்நீரில் போடாதீர்கள். பெரியவர் ஸ்வெட்டர் பேரனுக்குச் சரியாகிவிடும்!

விமானத்தில் போகும்போது ஷூவையும் ஒரு ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டே போங்கள். பெட்டியில் எடை குறையும். மழைச் சட்டை, ஒரு மாற்று உடை, மருந்து மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் கவலை இல்லை.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கவேண்டும் என்பதில்லை. பிள்ளையிடமும் மருமகளிடமும் பழைய ஸ்வெட்டரும் கோட்டும் இருக்கும், முதலில் கேளுங்கள். மழைக்காலத்தில் நம் நகரங்களில் திபெத்திய வியாபாரிகள் விற்கும் ஸ்வெட்டரும் போதும். அங்கே போய்ப் புதிதாக வாங்கினால் விலை கையைச் சுடும். ஆனால் பயன்படுத்திய துணிகளை நல்ல நிலையில் விற்கும் கடைகள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. வசதியானவர்களும் அங்கே வாங்குகிறார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்தப் பட்டுச் சேலை எதற்கு?

கோவிலுக்கு! ஆம், அங்கேயும் நம் கோவில்கள் இருக்கின்றன. ஓஸ்லோவில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. டென்மார்க்கில் ஹெர்னிங் நகரில் விநாயகர் கோவிலும், பிராண்டேயில் அபிராமி அம்மன் கோவிலும் இருக்கின்றன.

இவற்றை எழுப்பியவர்கள் ஈழத் தமிழர்கள். 1980-களில் போரிலிருந்து தப்பி அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் பலர், நார்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அது. பெட்டி அடுக்கிப் புறப்பட அவர்களுக்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. அந்தக் குளிரையும் தாங்கிக் காலூன்றி, கோவிலும் கட்டினார்கள். கோடையில் திருவிழா வந்தால் பட்டும் வேட்டியும் பூவுமாகத் திரள்கிறார்கள்.

அவர்கள் இங்கே வந்தபோது

நாம்தான் அவர்கள் நாட்டுக்குப் போகிறோம் என்பதில்லை. அவர்கள் முன்பே இங்கே வந்தவர்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, டென்மார்க்குக்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அந்த ஊர் அவர்களிடம் இருந்தது. 1733-ல் ஸ்வீடன் நாட்டு வணிகக் கப்பல் ஒன்று பரங்கிப்பேட்டைக்கு வந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்துகொண்டு அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி விரட்டினார்கள்.

அவர்கள் எதற்காக வந்தார்கள்? நம் துணிக்காகவும்தான்! தமிழ்நாட்டுத் தறிகளில் நெய்த பருத்தித் துணி தரங்கம்பாடியிலிருந்து கப்பல் ஏறியது. குளிர் நாட்டிலிருந்து நம் பருத்தியைத் தேடி அவர்கள் வந்தார்கள். இன்று அவர்கள் நாட்டுக்காக நாம் கம்பளியைத் தேடுகிறோம்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. வெளிநாட்டார் இங்கே வரும்போது கவனித்துப் பாருங்கள். தலையில் அகலத் தொப்பி, தளர்ந்த பருத்திச் சட்டை, கையில் தண்ணீர்ப் புட்டி. நம் வெயிலுக்கு ஏற்றபடி உடுத்துகிறார்கள், மலையும் ஏறிவிடுகிறார்கள்.

அவர்கள் குளிரையும் அப்படியே நாம் வெல்லலாம். மூன்று மெல்லிய உடை, ஒரு மழைச் சட்டை, ஒரு நல்ல ஷூ. இவை இருந்தால் பாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு தூறலிலும் பூங்காவுக்குப் போகலாம். பெட்டியைப் பூட்டுங்கள். பயணம் இனிதாகட்டும்!